ஒரு வாளி வெள்ளை பெயிண்ட்

ஜூலை ஒன்றாம் தேதி காலை ஆறேகால். யான்புவில் வெயில் அதற்குள் டைம் ஆபீஸின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே தேவதாஸ் நின்றான். உள்ளே டைம் கீப்பர் கல்யாணசுந்தரம் தலை நிமிரவில்லை.

"ரெனீஷுக்கு லீவு சாங்ஷன். உனக்கு மாஃபி."

"மாஃபின்னா?"

"பதினோரு வருஷமா சவுதியில இருக்கே. மாஃபின்னா இல்லேன்னு தெரியாதா?"

"அது தெரியும் சார். ஏன் இல்லேன்னு கேக்கேன்."

"சாருங்க முடிவு."

"எந்தச் சாரு?"

"ரெண்டு சாரும்."

கல்யாணசுந்தரம் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேவதாஸின் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். சன்னலைச் சாத்திக்கொண்டார்.

பின்னால் ரெனீஷ் வந்துகொண்டிருந்தான். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பைப் ரெஞ்ச்.

"என்ன மச்சான், மூஞ்சி நெத்திலிக் கருவாடு மாதிரி சுருங்கிப்போச்சு?"

"ஒனக்கு லீவு கிட்டிச்சு. எனக்குக் கிட்டல்ல."

"நல்லதாப் போச்சு. மேலத்துறைக்காரன் ஒருத்தன் குறைஞ்சா பந்தியில மீன் மிச்சமாவும்."

"லே கீழத்துறைப் பயலே, ஒனக்க கால்ல கல்லக் கட்டிக் கடல்ல தாத்திருவேன்."

"தாத்து. அதுக்கு ஒனக்க வள்ளம் முதல்ல மிதக்கணும் கேட்டியா?"

ரெனீஷ் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். தேவதாஸ் திருப்பி அறைந்தான். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கல்யாணசுந்தரத்தின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

மேலத்துறையும் கீழத்துறையும் குமரிக் கடற்கரையில் அடுத்தடுத்த ஊர்கள். நடுவில் ஒரு பொழி. ஆற்றுத் தண்ணீர் கடலில் சேரும் அந்த இடத்தில் இக்கரையில் நின்று திட்டினால் அக்கரையில் தெளிவாகக் கேட்கும். திட்டுவார்கள். இரண்டு ஊருக்கும் தனித்தனிக் கோயில், தனித்தனி ஃபுட்பால் டீம். திருவிழாவுக்கு வள்ளப் போட்டி. ஜெயித்தவனை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். தோற்றவனை அவன் பேரன் காலம்வரை மறக்கமாட்டார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொழியைத் தாண்டித்தான்.

தேவதாஸின் தங்கை ஜோஸ்மியை ரெனீஷுக்குப் பேசி முடித்திருந்தது. ஜூலை கடைசித் திங்கள் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வீடு. பெண்ணின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக அண்ணன் ஒருவன்தான்.

போனில் ஜோஸ்மி சுருக்கமாகச் சொன்னாள்.

"நீ வரல்லேன்னா நான் கோயில் நடையேறமாட்டேன். அந்தக் கீழத்துறைக்காரன் தனியா நிக்கட்டும்."

"வருவேன்."

"எப்படி வருவே?"

"வருவேன்னு சொன்னா வருவேன்."

தேவதாஸ் சொன்னதைச் செய்கிறவன். பன்னிரண்டு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டுகிற கும்பலுக்கு ஃபோர்மேன். ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால் முழுச் சாரத்தையும் பிரித்துத் திரும்பக் கட்டுவான். இந்த லீவிலும் எந்தக் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஹென்சன் சார் அமெரிக்கர். சாரம், பெயிண்டிங் எல்லாம் அவருக்குக் கீழே. தேவதாஸ் அவர் ஆள். மக்ரே சார் கனடாக்காரர். பைப், வெல்டிங் அவருக்குக் கீழே. ரெனீஷ் அவர் ஆள். சைட் ஆபீசில் இருவர் அறையும் எதிரெதிர்.

இருவருக்கும் நடுவில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அன்றைய வெயில் எவ்வளவு என்று அதில் எழுதிப் போடவேண்டும். காலையில் ஹென்சன் வந்து 113 என்று எழுதுவார். மக்ரே வந்து அதை அழித்துவிட்டு 45 என்று எழுதுவார். ஹென்சன் அதை அழிப்பார். மக்ரே அவரைப் பார்த்து, உலகமே ஒரு கணக்கில் போகும்போது நீங்கள் மட்டும் ஏன் கோணலாகப் போகிறீர்கள் என்பார். உங்கள் நாடே எங்கள் தலையில் வைத்த தொப்பிதானே என்பார் ஹென்சன். மக்ரேயின் ஹெல்மெட்டில் ஒரு சிவப்பு இலை ஸ்டிக்கர் உண்டு. ஹென்சன் போகிற போக்கில் அதைச் சுண்டிவிட்டுப் போவார். மக்ரே கதவில் இடித்தால் கதவிடம்கூட சாரி சொல்கிறவர். ஹென்சனிடம் மட்டும் சொன்னதில்லை.

தேவதாஸ் இதையெல்லாம் ஒரு வருஷமாகப் பார்த்துவந்தான். பகை. சந்தேகமில்லாத பகை.

அதற்குச் சாட்சிகளும் இருந்தன. முதலில் அவனும் ரெனீஷும் ஒரே ரூம். திடீரென்று ரெனீஷைக் கேம்பின் அந்தக் கடைசிக்கு மாற்றினார்கள். பிறகு பஸ்ஸையும் மாற்றினார்கள். டீ குடிக்க ரெனீஷ் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஹென்சன் வந்து தோளில் கைபோட்டு, "காம், தேவா, காம்" என்று நயமாக எழுப்பிக் கூட்டிப்போய்விடுவார். தன் ஆள் கனடா ஆளோடு ஒட்டக்கூடாது. அவ்வளவு வெறுப்பு.

"மக்ரே ஒனக்குக் குடுத்தாரு. அதனால ஹென்சன் எனக்குக் குடுக்கல்ல," என்றான் ரெனீஷிடம். "வேற ஒண்ணும் இல்ல."

"அதுக்கு நாம என்ன செய்ய?"

"ரெண்டு பேரையும் சேத்துவைக்கணும்."

"லே மக்கா, அது ரெண்டு நாட்டுப் பெகளம்."

"ரெண்டு ஊருப் பெகளம் பாத்தவன்தானே நாம."

அன்று கனடாவின் பிறந்தநாள் என்று மெஸ்ஸில் சமைக்கிற ஃபவாஸ் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர். கேம்ப் முழுக்க அவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடும். தேவதாஸ் அடுப்படிக்கே போய்விட்டான்.

"காக்கா, ஒரு கேக் வேணும். மக்ரே சாருக்கு. ஹென்சன் சார் குடுத்த மாதிரி."

"அவர் குடுக்கச் சொன்னாரா?"

"சொல்லமாட்டாரு. அதனாலதான் நான் சொல்லுதேன்."

"மேல என்ன போட?"

"அவரு தொப்பியில ஒரு இலை இருக்குல்லா. அது."

"ஆமா, பாத்திருக்கேன். விரல் விரலா இருக்கும்."

பதினோரு மணிக்குக் கேக் வந்தது. இலை நன்றாகத்தான் வந்திருந்தது. ஏழு விரல். ஓரமெல்லாம் ரம்பப் பல். பச்சைப் பசேல் என்று இருந்தது.

"சிவப்பில்லா காக்கா அது?"

"இலைன்னா பச்சைதான் தம்பி. வெயில்ல நின்னு நின்னு அவர் ஸ்டிக்கர் கெட்டுப்போயிருக்கும்."

மக்ரே இல்லாத நேரம் பார்த்து அவர் மேஜையில் வைத்தான். 'அன்புடன் ஹென்சன்' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் வைத்தான். பிறகு ஆபீஸ் சுவரையொட்டிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி நின்றுகொண்டான். அங்கிருந்து கண்ணாடி வழியாக அறை தெரியும். சத்தம் கேட்காது.

மக்ரே வந்தார். கேக்கைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். திரும்பக் கேக்கைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். சன்னல் திரையை இழுத்தார். திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பிறகு அந்தப் பெரிய மனிதர் நின்றபடியே பச்சை இலையை மட்டும் கையால் வழித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு எதிர் அறைக்குப் பாய்ந்தார். விரல்கள் பச்சை. வாய் பச்சை. கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். ஹென்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேவதாஸ் சாரத்திலிருந்து இறங்கி ரெனீஷைத் தேடிப் போனான்.

"வயித்துல குத்திட்டாரு மக்கா."

"கேக் குடுத்ததுக்கா?"

"என்னண்ணு தெரியல்ல. குத்து சரியான குத்து. மனுசன் தரையில இருந்துட்டாரு."

கல்யாணசுந்தரம் அந்த வழியாகக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். தேவதாஸ் மறித்தான்.

"சார், என்ன தகராறு?"

"கஞ்சா இலை போட்டுக் கேக் அனுப்பி என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறியான்னு மக்ரே கேக்கிறார்."

"ஹென்சன் சார் என்ன சொன்னாரு?"

"நீங்க எங்க பிரசிடென்ட் வீட்டையே கொளுத்தினவங்க, உங்களுக்கு இது போதாதுன்னார்."

"கொளுத்தினாங்களா? வீட்டையா?"

"ஆமாம். இவர் ஆளுங்க அவர் பிரசிடென்ட் வீட்டைக் கொளுத்தியிருக்காங்க."

"எப்பம் சார்?"

டைம் ஆபீஸில் போன் அடித்தது. அது இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு போரில் வெள்ளை மாளிகைக்கு வைத்த தீ என்று சொல்லாமலே கல்யாணசுந்தரம் போய்விட்டார்.

தேவதாஸ் தண்ணீர் கேன்மேல் உட்கார்ந்தான். மேலத்துறைக்காரனும் கீழத்துறைக்காரனும் ஒருவனை ஒருவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம். வலையில் கைவைத்ததில்லை. வீட்டில் தீ வைத்ததே இல்லை.

"வீட்டக் கொளுத்தியிருக்கானுவ மக்கா. கேக்கு போட்டா அடங்குமா?"

"விடு மச்சான். நான் போய்த் தாலி கெட்டிட்டு வீடியோ அனுப்புதேன்."

"ஒனக்க வீடியோவுல மண்ணள்ளிப் போட. ஒரு சாரி வாங்கணும் இவருகிட்ட இருந்து. கதவுக்குச் சொல்லுத மனுசன், ஆளுக்குச் சொல்லமாட்டாரா?"

மறுநாள் மக்ரேயின் அறைக்குள் போனான். இரவு முழுக்க மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலம்.

"சார். ஹவுஸ் ஃபயர். வெரி பிக் மிஸ்டேக். ஒன் சாரி ப்ளீஸ்."

மக்ரே எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமில்லை.

"யார் வீடு? ரெனீஷ் வீடா?"

"நோ சார். பிரசிடென்ட் ஹவுஸ். ஹென்சன் சார் ஹார்ட் ஃபுல் பெயின்."

மக்ரே மெதுவாக உட்கார்ந்தார். மூச்சை விட்டார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று தேவதாஸ் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான்.

"சொல்கிறேன்," என்றார் மக்ரே. "நிச்சயமாகச் சொல்கிறேன். முறைப்படி சொல்கிறேன்."

தேவதாஸ் வெளியே வந்து ரெனீஷுக்குக் கட்டைவிரலைக் காட்டினான்.

வியாழக்கிழமை காலை ஹென்சனின் அறை வாசலில் ஒரு வாளி வெள்ளை பெயிண்ட் இருந்தது. பக்கத்தில் புது பிரஷ். வாளி மூடியின்மேல் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குக் கீழே ஒரு காகிதம்.

தேவதாஸ் கல்யாணசுந்தரத்தை இழுத்துவந்து காட்டினான்.

"என்ன எழுதியிருக்கு?"

"'சாரி. அடுத்த தடவை நாங்கள் கொளுத்துவதற்குள் பெயிண்ட் அடித்துக்கொள்ளவும். மக்ரே.'"

"கர்த்தாவே."

இதில் சாரி இருந்தது. ஆனால் தீப்பெட்டியும் இருந்தது. ஹென்சனின் கார் சத்தம் கேட்டது. தேவதாஸ் யோசிக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து பேன்ட் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். ஓடியது பிளாண்ட் பக்கம். சுத்திகரிப்பு ஆலையின் உள்வாசலில் செக்யூரிட்டி எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவான். தீப்பெட்டி அகப்பட்டது.

எண்ணெய் ஆலைக்குள் தீப்பெட்டியோடு போனவனை என்ன செய்வார்கள் என்று தேவதாஸுக்குத் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் அதை அவனே புது ஆட்களுக்குச் சொல்லித்தருகிறவன்.

ஹென்சன் வந்தார். வந்த வேகத்தில் செக்யூரிட்டியிடம் முதலில் கேட்டது, "ரெனீஷ் எங்கே?"

ரெனீஷ் வெல்டிங் ஷெட்டில் முழுசாக இருக்கிறான் என்று தெரிந்தபிறகுதான் தேவதாஸ் பக்கம் திரும்பினார்.

"தீப்பெட்டி எதற்கு, தேவா?"

உண்மையைச் சொன்னால் இருவர் பகை இன்னும் ஏறும். தேவதாஸ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நத்திங் சார்."

"யார் மேலாவது கோபமா?"

"நோ சார். பீஸ் சார். ஒன்லி பீஸ்."

ஹென்சன் அவனை வெகுநேரம் பார்த்தார். செக்யூரிட்டியிடம் பேசி, தன் பொறுப்பில் கூட்டிவந்தார். வழியெல்லாம் தோளில் கை. ஆபீஸ் போனதும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். மத்தியானம் எல்லோரையும் கூட்டி, வேலையிடத்தில் வன்முறை கூடாது என்று ஒரு பேச்சுப் பேசினார். பேசும்போது அவர் கண் தேவதாஸ் மேலேயே இருந்தது.

"மக்ரேயைத்தான் குத்திக்காட்டுதாரு," என்று தேவதாஸ் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். "நேரா அவரைப் பாக்கப் பிடிக்காம என்னப் பாக்காரு."

சாயங்காலம் பார்த்தால் மக்ரேயின் ஹெல்மெட் முழுக்க வெள்ளை. சிவப்பு இலை இருந்த இடம் தெரியவில்லை. பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. மக்ரே அதைப் போட்டுக்கொண்டு போனார். நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு வழிந்தது.

"கொடிய அழிச்சிட்டாரு," என்றான் தேவதாஸ். "இனி ரத்தம்தான்."

"அப்போ விட்டிருவியா?" என்றான் ரெனீஷ்.

"விடவா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. டூட்டி இல்ல. அமெரிக்காவுக்குப் பிறந்தநாளாம். ஒரே சட்டி போட்டிரலாம்."

ரெனீஷ் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. ஒரே சட்டி என்றால் விளையாட்டில்லை. பொழியின் இரண்டு கரையிலும் அது வழக்கம். இரண்டு வள்ளக்காரர்கள் வலை அறுந்து மோதிக்கொண்டால் ஊரில் உட்காரவைத்து ஒரே சட்டி மீன்கறியில் கைபோட வைப்பார்கள். போட்டபிறகு யாரும் பழையதைப் பேசக்கூடாது. பேசினவனை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள்.

"நானும் வாறேன்," என்றான் ரெனீஷ். "கீழத்துறை இல்லாம சட்டி வேகாது."

இருவரும் சேர்ந்தே போய் அழைத்தார்கள். ஹென்சனும் மக்ரேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயும் ரெனீஷுமா? சேர்ந்தா சமைக்கிறீர்கள்?"

"யெஸ் சார். டுகெதர்."

"வருகிறோம்," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். மக்ரே ஹென்சனின் தோளைக்கூடத் தட்டினார். தேவதாஸுக்குப் புல்லரித்தது.

வெள்ளி மத்தியானம் மெஸ்ஸின் பின்கட்டை ஃபவாஸ் ஒழித்துக்கொடுத்தார். மீன் மார்க்கெட்டிலிருந்து காலையில் வந்த நாஜில் மீன், சிவப்பாக, உடம்பெல்லாம் புள்ளியோடு. கல்யாணசுந்தரமும் வந்திருந்தார். மொழிபெயர்க்க வேண்டும் என்று ஹென்சன் கூட்டிவந்தாராம். சைவம். தயிர்சாத டப்பாவோடு தள்ளி உட்கார்ந்தார்.

தேவதாஸ் மீனை வெட்டினான். ரெனீஷ் தேங்காய் அரைத்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரெனீஷ் புளியைக் கரைக்கும்வரை.

"லே, என்ன செய்யுதே?"

"புளி."

"நாஜிலுக்குப் புளியா? மாங்கா போடு."

"மாங்கா மேலத்துறையில போடுவீங்க. பல்லு கூசாத ஆளுக."

தேவதாஸ் கத்தியோடு திரும்பினான். "புளிச்சட்டிய அங்கிட்டு வை. இல்ல, இந்த மீனுக்குப் பக்கத்துல ஒன்னையும் துண்டு போட்டுக் கறி வச்சிருவேன்."

"வை. மேலத்துறையான் வச்ச கறிய நாய் மோந்து பாக்காது. எனக்க மானம் தப்பிச்சிரும்."

"எனக்க தங்கச்சி ஒன்னக் கெட்டுததுக்குப் பதிலா கடல்ல சாடலாம்."

"சாடட்டும். நான் வள்ளத்தோட வந்து தூக்குவேன். நீ வந்தா மூணு பேருமில்லா முங்கணும்."

ஹென்சன் கல்யாணசுந்தரத்தின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். கல்யாணசுந்தரம் அவர் காதில் வரிவரியாகச் சொன்னார். ஹென்சன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மக்ரேயிடம் சொன்னார். மக்ரே எழுந்துவந்து, "சாரி, சாரி" என்றபடி தேவதாஸின் கையிலிருந்த கத்தியை வாங்கினார். வாங்கியவர் திரும்பத் தரவில்லை. ஹென்சன் அதை ஒரு துண்டில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாங்காயும் புளியும் இரண்டும் போட்டுக் கறி வெந்தது. ருசிக்குக் குறைவில்லை. சட்டியை நடுவில் வைத்தான் தேவதாஸ்.

"சார். ஒன் பாட். டூ ஹேண்ட்ஸ்."

ஹென்சன் கைபோட்டார். மக்ரே கைபோட்டார். ஒரே சட்டி. இருவரும் தேவதாஸுக்கும் ரெனீஷுக்கும் நடுவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தொட்டு ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்து ஒரே காரில் ஏறினார்கள்.

கார் போன திசையைத் தேவதாஸ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"முடிஞ்சுது," என்றான். "பகை தீந்துபோச்சு."

"கத்தி?" என்றார் ஃபவாஸ். "எங்க மெஸ் கத்தி எங்க போச்சு தம்பி?"

சனிக்கிழமை காலை ரெனீஷ் தேவதாஸின் ரூமுக்கே வந்துவிட்டான். கையில் ரெஞ்ச் இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"எனக்க லீவையும் கேன்சல் பண்ணியாச்சு மச்சான்."

"யாரு?"

"ரெண்டு பேரும். ஒண்ணாச் சேந்து."

தேவதாஸ் கட்டிலில் உட்கார்ந்தான். போன் அடித்தது. ஜோஸ்மி.

"அண்ணா, என்ன கேக்கேன் நான்? அவருக்கும் லீவு இல்லியாம். நாளைக்கு ரெண்டாம் ஓலை வாசிக்கணும். சாமியார் கேட்டா என்ன சொல்ல? அண்ணனும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல, கேமராக்காரனக் கெட்டிக்கிடட்டா?"

"வாறோம்."

"எப்படி?"

"வாறோம்னு சொன்னா வாறோம்."

எழுந்து சட்டையைப் போட்டான். பூட்ஸ் கயிறை இரட்டை முடிச்சாகக் கட்டினான்.

"வா மாப்பிளே. பகையிலயும் லீவு இல்ல, சமாதானத்துலயும் லீவு இல்லண்ணா என்ன நியாயம்? ரெண்டு பேரு முகத்துக்கு நேரா கேப்போம். இல்லேன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போவோம்."

"நீ எழுதிக் குடு. எனக்கு வீட்டு லோன் இருக்கு."

"கீழத்துறைப் புத்தி."

"நடடா மேலத்துறை."

ஆபீஸ் வராந்தாவில் வெள்ளைப் பலகை கண்ணில் பட்டது. 113 என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 45 என்று எழுதியிருந்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. தேவதாஸின் வேகம் குறைந்தது.

ஹென்சனின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஹென்சனும் மக்ரேயும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேஜையில் ஒரு கேக். ஃபவாஸின் கைவேலை. இரண்டு வள்ளம், நடுவில் ஒரு பொழி, பொழியின்மேல் இரண்டு கை ஒன்றையொன்று பிடித்திருந்தன. கைகள் பச்சையாக இருந்தன. எதிரே இரண்டு நாற்காலி, நன்றாகத் தள்ளித் தள்ளி. கல்யாணசுந்தரம் சுவரோரம் கைக்குட்டையோடு நின்றார்.

"உட்காருங்க," என்றார் ஹென்சன்.

தேவதாஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேக் வெட்டிச் சமாதானம் செய்கிறார்கள். சேர்த்துவைத்தவன் என்று அவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டைக் கொளுத்தினவன் பக்கத்தில் கொளுத்தப்பட்டவன் உட்கார்ந்திருக்கிறான். லீவு எங்கே போய்விடும்?

"காங்கிராஜுலேஷன்ஸ் சார்," என்றான் இருவருக்கும் பொதுவாக.

ஹென்சன் மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். நடுவில் மக்ரே இரண்டு தடவை சாரி சொன்னார். பேசி முடித்து இருவரும் கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார்கள். கல்யாணசுந்தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ரெனீஷைப் பார்த்தார். தேவதாஸைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"கல்யாண வீட்ல கொலை விழக்கூடாதுன்னுதான் உங்களை ஒரே பிளேன்ல அனுப்பாம நிறுத்தி வச்சாங்களாம். இப்ப இந்தக் கேக்கை வெட்டி, ரெண்டு பேரும் கையைக் குடுத்து சமாதானம்னு ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேருக்கும் இப்பவே டிக்கெட்டாம். ஒரு வருஷமா என்னைப் போட்டுக் குடையறாங்கப்பா, அப்படி என்னதான் பகை உங்க ரெண்டு பேருக்கும்?"